ஷாம்பெயின் தோட்டக்காரரும் காஞ்சிபுரம் நெசவாளரும்

தென்னேரி, ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் பக்கத்தில் பட்டுத் தறி போட்டிருப்பவர்களுக்கும், காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களுக்கும் எழுதுகிறேன்.

இந்த மடல் ஒரு பிரெஞ்சு ஒயினைப் பற்றியது. வாரக் கூலி டாஸ்மாக் கடையில் கரைந்துபோகும் வீடுகளில் இதைப் படிக்கத் தொடங்கியதுமே மடித்து வைத்துவிடத் தோன்றும். அந்தக் கோபம் நியாயமானது. குடிப்பதற்கு யாரையும் அழைக்க இதை எழுதவில்லை. ஷாம்பெயின் ஓர் ஊர்ப்புறத்தின் பெயர். அங்கே செய்த பொருளுக்கு அந்தப் பெயரே நின்றது, காஞ்சிபுரம் என்றால் சேலை என்று ஆனதைப் போல. பெயர் புகழ்பெற்றதும் வெளியூர்ச் சரக்கு அந்தப் பெயரில் விற்கப்பட்டது; உள்ளூரில் உழைத்தவர்கள் வயிறு காய்ந்தார்கள். பிறகு அந்தப் பெயரை அவர்கள் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பது பட்டு நெய்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் வாதம். அதற்கு முதலில் அந்த ஒயினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாரிஸுக்கு வடகிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் ரேன்ஸ், எபெர்னே என்று இரண்டு நகரங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள மார்ன் மாவட்டத்துச் சரிவுகளிலும், மேற்கே ஏன் மாவட்டத்திலும், தெற்கே ஓப் மாவட்டத்திலுமாகப் பரவிக் கிடக்கும் ஏறத்தாழ 34,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம்தான் ஷாம்பெயின். உண்மையில் திராட்சைக்கு அது அவ்வளவு நல்ல இடம் அல்ல. ஆண்டுச் சராசரி வெப்பம் 11 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வசந்தத்தில் உறைபனி விழுந்து மொட்டைக் கருக்கிவிடும். பழத்தில் இனிப்பு ஏறுவதற்குள் குளிர் வந்துவிடுவதால் புளிப்பு தங்கிவிடும். மண்ணுக்கடியில் வெண்சுண்ணாம்புப் பாறை. மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து கோடையில் வேருக்குக் கொடுப்பது அதுதான். அதே பாறையைக் குடைந்து பல கிலோமீட்டர் நீளத்துக்கு நிலவறைகள் அமைத்திருக்கிறார்கள். அந்தச் சரிவுகளையும் நிலவறைகளையும் 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. விளைவதில் பெரும்பகுதி மூன்றே வகைத் திராட்சை: பினோ நுவார், முனியே என்ற இரண்டு கருந்திராட்சைகளும், ஷார்தொனே என்ற வெள்ளைத் திராட்சையும். கருந்திராட்சையிலிருந்து வெளிறிய ஒயின் எப்படி வருகிறது என்று கேட்கலாம். நிறம் தோலில்தான் இருக்கிறது, சாற்றில் இல்லை. கொத்தைக் குலையாமல் வைத்து மெதுவாகப் பிழிந்தால் சாறு வெளுப்பாகவே இறங்கும். அதற்காகவே அங்கே அறுவடைக்கு இயந்திரம் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறுக்குமேல் எடுக்கக் கூடாது என்பதும் விதி. பழத்தில் இன்னும் சாறு இருக்கும், பிழிந்தால் வரும், ஆனாலும் ஷாம்பெயின் என்ற பெயரில் அதை விற்க முடியாது.

முதலில் அந்தச் சாற்றை நொதிக்கவிட்டு நுரையில்லாத சாதாரண ஒயின் ஆக்குகிறார்கள். பல தோட்டங்களின், பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து ஒரு சுவைக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு அதில் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியிலிட்டு மூடிவிடுகிறார்கள். மூடிய புட்டிக்குள் இரண்டாவது முறை நொதிக்கும்போது பிறக்கும் வாயுவுக்கு வெளியேற வழியில்லை. ஒயினிலேயே கரைந்து நிற்கிறது. திறக்கும்போது பொங்குவது அதுதான். உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஐந்தாறு மடங்கு. அந்தக் காலத்துக் கண்ணாடி தாங்காமல் நிலவறைகளில் புட்டிகள் தொடராக வெடிக்கும். நுரைக்கும் ஒயினைக் கண்டுபிடித்தவர் தோம் பெரின்யோன் என்ற துறவி என்று ஊரெல்லாம் சொல்லுவார்கள். அது விளம்பரக்காரர்கள் வளர்த்த கதை. அவர் 1715இல் இறந்தார். ஒயினில் சர்க்கரை சேர்த்துப் பொங்க வைப்பதைப் பற்றி கிறிஸ்டபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் 1662லேயே லண்டனில் எழுதிவிட்டார், புட்டிக்கு வேண்டிய வலுவான கண்ணாடியும் முதலில் இங்கிலாந்திலேயே செய்யப்பட்டது. புட்டியின் அடியில் படியும் ஈஸ்ட் கசடைக் கழுத்துக்குக் கொண்டுவந்து நீக்க, சாய்வுப் பலகையில் புட்டிகளைச் செருகி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செம்மைப்படுத்தியது, கணவரை இழந்தபின் வணிகத்தைக் கையிலெடுத்த கிளிகோ அம்மையாரின் நிறுவனம். இன்று மிகச் சாதாரண ஷாம்பெயின்கூடக் குறைந்தது 15 மாதம் புட்டிக்குள் கிடந்த பிறகே வெளியே வர வேண்டும். தனி ஓர் ஆண்டின் பெயர் போட்ட புட்டிக்கு மூன்று ஆண்டு.

ஓர் ஊரில் பொருள் உருவாவதற்கு இத்தனை மாதப் பொறுமையும் இத்தனை கைவேலையும் வேண்டும் என்றால், அதை விற்பவருக்கும் விளைவிப்பவருக்கும் நடுவில் இடைவெளி விழுவது இயல்பு. புட்டிகளை நிலவறையில் வருடக்கணக்கில் முடக்கி வைக்க முதல் உள்ளவர் யார்? வியாபார வீடுகள்தான். மோயெத், கிளிகோ, போலாஞ்ஜே, க்ரூக் என்று உலகம் அறிந்த பெயர்களெல்லாம் அந்த வீடுகளுடையவை. ஆனால் அங்குள்ள நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு சுமார் 16,000 சிறு தோட்டக்காரர்களிடம் இருக்கிறது. சில நூறு வியாபார வீடுகளுக்குச் சொந்தமான நிலம் பத்தில் ஒரு பங்கு. விற்பனையிலோ பெரும்பகுதி அவற்றின் கையில். பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுத்து, நெய்து வந்ததும் கூலி கொடுத்து, சேலையைத் தன் கடைப் பெயரில் விற்கும் முதலாளியையும், குழித்தறியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் உங்களையும் எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். அங்கே தோட்டக்காரரிடம் நிலமாவது இருக்கிறது. இங்கே பல வீடுகளில் தறி மட்டுமே சொந்தம்.

1890களில் பில்லொக்செரா என்ற பூச்சி ஷாம்பெயின் திராட்சை வேர்களை அரிக்கத் தொடங்கியது. அடுத்தடுத்து விளைச்சல் கெட்டது, 1910இல் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆனால் ஷாம்பெயின் விற்பனை குறையவில்லை. வியாபார வீடுகளில் சில, லுவார் பள்ளத்தாக்கிலிருந்தும் தெற்குப் பிரான்சிலிருந்தும் மலிவான சாற்றை ரயிலில் இறக்கி, ரேன்ஸிலும் எபெர்னேயிலும் நுரைக்க வைத்து, ஷாம்பெயின் என்று பெயரிட்டு விற்றுக்கொண்டிருந்தன. தங்கள் ஊரின் பெயரால் பணம் புரள்வதையும் தங்கள் பழத்தை மட்டும் யாரும் வாங்காததையும் தோட்டக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1911 ஜனவரியில் தாமெரி, ஓவில்லேர் கிராமங்களில் வெளியூர் ஒயின் வண்டிகளைக் கவிழ்த்து, பீப்பாய்களை உடைத்து, நிலவறைகளுக்குள் புகுந்தார்கள். அந்த ஏப்ரலில் ஆயி என்ற ஊரில் வியாபாரிகளின் கட்டடங்கள் எரிந்தன. அரசு படையை இறக்கியது. இன்று அமைச்சர்களும் நடிகர்களும் விருந்தில் திறக்கும் புட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு பட்டினிக் கலகம் இருக்கிறது. "அது பணக்காரர் பண்டம், நமக்கும் அதற்கும் என்ன" என்று கேட்பவர்கள் இந்த ஆண்டை நினைவில் வைக்க வேண்டும்.

கலகத்தால் மட்டும் எதுவும் தீர்ந்துவிடவில்லை. எல்லை வகுப்பதே பெரிய சண்டை ஆனது. 1908இல் அரசு வரைந்த எல்லைக்குள் மார்ன் மாவட்டமும் ஏன் மாவட்டத்தின் ஒரு பகுதியும் இருந்தன. ஓப் மாவட்டம் வெளியே தள்ளப்பட்டது. ஓப் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களைச் சேர்ப்பதற்காக எல்லையையே கைவிடலாம் என்று பேச்சு எழுந்ததும் மார்ன் மக்கள் கொதித்தார்கள். ஆயி எரிந்தது அப்போதுதான். ஓப் தோட்டக்காரருக்கு 1911 ஜூனில் 'இரண்டாம் மண்டலம்' என்ற அரைப் பெயர் கிடைத்தது. முழுப் பெயர் 1927 சட்டத்தில்தான் கிடைத்தது, அதற்கும் அவர்கள் விலை கொடுத்தார்கள்: வழக்கமாக வளர்த்த கமே என்ற திராட்சையைக் கைவிட்டு மூன்று வகைக்கு மாற வேண்டியிருந்தது. ஆனால் அதற்குப் பல ஆண்டு அவகாசம் தந்தார்கள். 1935இல் பிரான்ஸ் முழுவதற்கும் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1936இல் ஷாம்பெயின் பதிவானது.

என் வாதத்துக்கு முக்கியமான ஆண்டு இவற்றில் எதுவும் அல்ல, 1941. ஜெர்மன் படை பிரான்சைப் பிடித்துவைத்து நிலவறைகளை மொத்தமாக வாரிக்கொண்டிருந்தபோது, தனித்தனியாகப் பேரம் பேசினால் அழிந்துவிடுவோம் என்று இரு தரப்புக்கும் தெரிந்தது. மோயெத் வீட்டின் ரொபேர்-ழான் தெ வொகுவே வியாபாரிகள் சார்பிலும், மொரீஸ் துவாயார் தோட்டக்காரர் சார்பிலும் சேர்ந்து ஷாம்பெயின் குழுவை அமைத்தார்கள். முப்பதாண்டுக்கு முன் ஒருவர் சொத்தை மற்றவர் எரித்த ஊர் அது. அந்தக் குழுவுக்கு இன்றுவரை இரண்டு தலைவர்கள், ஒருவர் தோட்டக்காரர் சங்கத்திலிருந்து, ஒருவர் வியாபாரிகள் சங்கத்திலிருந்து. இருவரும் ஒப்பாமல் எந்த விதியும் நிறைவேறாது. ஒரு ஹெக்டேரில் எவ்வளவு பழம் பறிக்கலாம் என்று ஆண்டுதோறும் இந்த மேசையில்தான் முடிவாகிறது: கொரோனா ஆண்டான 2020இல் 8,000 கிலோ, 2023இல் 11,400, 2024இல் 10,000. பழத்தின் விலைக்கும் ஒரு முறை இருந்தது. முதல்தரக் கிராமத்துக்கு நூறு, மற்றக் கிராமங்களுக்கு அதில் இத்தனை விழுக்காடு என்று படிநிலை போட்டு, நூறுக்கு என்ன விலை என்பதை இரு தரப்பும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். ஐரோப்பியப் போட்டிச் சட்டங்கள் குறுக்கே வந்ததால் 1990இல் அந்த முறை தளர்ந்து பிறகு நீங்கியது. ஆனாலும் பழம் இன்று கிலோ ஆறு யூரோவுக்கு மேல் போகிறது. ஒரு ஹெக்டேர் தோட்டம் பத்து லட்சம் யூரோவைத் தாண்டுகிறது. விளைவிப்பவர் கையில் பிடி இருக்கும் ஊரில் விலை எங்கே நிற்கும் என்பதற்கு இது சான்று.

பெயர்த் திருட்டைத் துரத்தியதும் இந்தக் கட்டமைப்புதான். 1960இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஸ்பெயின் நாட்டு நுரை ஒயினை 'ஸ்பானிஷ் ஷாம்பெயின்' என்று விற்கக் கூடாது என்று தீர்ப்புப் பெற்றார்கள். ஈவ் சேன் லோரான் நிறுவனம் 1993இல் ஒரு வாசனைத் திரவியத்துக்கு ஷாம்பெயின் என்று பெயர் வைத்தபோது, பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போய் அதையும் நிறுத்தினார்கள். ஸ்விட்சர்லாந்தில் ஷாம்பெயின் என்ற பெயரிலேயே ஒரு சிற்றூர் பழங்காலத்திலிருந்து இருக்கிறது. அந்த ஊராரால் தங்கள் ஒயினுக்கு 2004 முதல் ஊர்ப்பெயரைப் போட முடியவில்லை. இது கொஞ்சம் கொடுமைதான், மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஷாம்பெயின்காரர்கள் முழு வெற்றி பெறவில்லை. 2006 மார்ச்சுக்கு முன்பிருந்தே அந்தப் பெயரைப் பயன்படுத்தியவர்கள் இன்னும் பயன்படுத்தலாம். நம் நாட்டிலோ, ஷாம்பெயின் என்ற பெயரைச் சென்னை கிண்டியிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் வந்து பதிந்து வைத்திருக்கிறார்கள். அதே பதிவகத்தின் ஏட்டில்தான் காஞ்சிபுரம் பட்டும் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே பதிவாகிவிட்டது. இந்தியாவில் முதலில் பதிவான பெயர்களுள் அதுவும் ஒன்று. பதிவின் உரிமையாளர் தமிழ்நாடு அரசின் கைத்தறித் துறை. பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓடிய சேலை 'காஞ்சிபுரம்' என்ற பெயரோடு கடைகளில் தொங்குவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு 'அசல் காஞ்சிபுரம்' வருகிறது. சட்டம் பலவீனமானது என்று சிலர் சொல்வார்கள். எழுத்தில் பார்த்தால் அது பலவீனமாக இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஷாம்பெயினில் பெயருக்குக் காவல் நிற்பவர்கள், அந்தப் பெயரால் சோறு தின்பவர்கள். காஞ்சிபுரத்தில் பெயர் ஓர் அரசுத் துறையின் கோப்பில் இருக்கிறது. சட்டத்தின்படி நெய்பவர் எவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிந்துகொள்ளலாம். ஆனால் எந்தச் சேலைக்கு அந்தப் பெயர், எதற்கு இல்லை, யார் சோதிப்பது, யார் வழக்குப் போடுவது என்று முடிவெடுக்கும் மேசையில் நெசவாளருக்கு வாக்கு இல்லை. அரசு அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். இடமாற்றல் வந்ததும் அவர் போய்விடுவார், அந்தச் சேலையால் அவர் வீட்டு அடுப்பு எரிவதில்லை.

பெயர் நெசவாளர் கைக்கு வர வேண்டும் என்பதற்கு வரும் தடைகளில் கடினமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஷாம்பெயின் மண்ணில் விளைவது. பட்டு நம் மண்ணில் விளைவதில்லை. நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகையில் பெரும்பகுதி சூரத்திலிருந்து வருகிறது, பின் எந்த உரிமையில் ஊர்ப்பெயர் கேட்கிறோம் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. செய்பொருளானால் உற்பத்தி, பதப்படுத்தல், தயாரிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அந்த எல்லைக்குள் நடந்தாலே போதும் என்று நம் சட்டம் சொல்கிறது. ஷாம்பெயின் புட்டியின் தக்கை போர்ச்சுகல், ஸ்பெயின் காடுகளிலிருந்துதான் வருகிறது, அதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் இந்தப் பதில்களோடு நின்றுவிட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். பழம் வெளியிலிருந்து வரலாம் என்று ஷாம்பெயின் தோட்டக்காரர்கள் என்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில்தான் 1911 வெடித்தது. ஒவ்வொரு பொருளிலும் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அது கை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், வேறு நாடாக்களில் ஓடி, ஒவ்வொரு இழையிலும் பிணைந்து நிற்கும் கோர்வையை, கூட ஒருவர் உதவ இருவராக உட்கார்ந்து நெய்கிறீர்கள். உடலின் பாவில் முந்தானைப் பாவை ஒவ்வொரு இழையாக முறுக்கிச் சேர்க்கும் பெட்னியும் உங்கள் கைவேலைதான். ஆகவே நூல் எங்கிருந்து வந்தாலும் விதி கையைப் பிடிக்க வேண்டும். விசைத்தறியில் ஓடினால் பெயர் இல்லை. கோர்வையும் பெட்னியும் உள்ளதற்குத் தனித் தரம். ஜக்கார்டு வைத்துக் கோர்வையில்லாமல் கைத்தறியில் நெய்ததற்கு வேறு தரம். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு, வெள்ளி குறைந்த ஆஃப் ஃபைன் ஜரிகை போட்டால் பெயர் உண்டா இல்லையா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வெள்ளி விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில் ஆஃப் ஃபைனை ஒரே நாளில் தடைசெய்தால் பாதித் தறி நின்றுவிடும் என்பீர்கள். ஓப் மக்களுக்குக் கமே திராட்சையைக் கைவிட அவகாசம் தந்தார்களே, அப்படிச் செய்யலாம். அதுவரை ஜரிகையின் தரத்தை சேலையில் எழுதிவிட்டால் போதும்.

எல்லை குறித்த தடை சிறியது, ஆனால் உங்களுக்கு நெருங்கியது. தென்னேரி காஞ்சிபுரம் மாநகராட்சிக்கு வெளியே இருக்கும் கிராமம். கணக்கை நகரத்து வீதிகளோடு முடித்துக்கொண்டு 'நகரச் சேலைக்கு மட்டும் பெயர்' என்று யாராவது கிளம்பினால் நீங்கள் ஓப் மாவட்டத்தாரின் நிலைக்கு வருவீர்கள். ஆரணிக்காரர்கள் வேறு வழி போனார்கள். ஆரணிப் பட்டு என்று தங்களுக்கென்றே ஒரு குறியீட்டைப் பெற்றுக்கொண்டார்கள். அது மானமுள்ள வழி. ஆனால் காஞ்சிபுரத்து முறையில் காஞ்சிபுரத்துச் சங்கத்துக்காக நெய்யும் சுற்றுக் கிராமங்களுக்கு அது பொருந்தாது. எல்லையைத் தூரத்தைக் கொண்டு வகுக்காமல், எந்தச் சங்கத்தின் பாவு எந்த ஊருக்குப் போய் நெய்யப்பட்டுத் திரும்புகிறது என்ற பழைய பேரேட்டைக் கொண்டு வகுக்கலாம். அந்தப் பேரேடுகள் சங்கங்களிலேயே இருக்கின்றன.

விதி கடுமையானால் விலை ஏறும், வாங்குபவர் ஓடிவிடுவார் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஷாம்பெயினின் எண்களை அவர்கள் முன் வைக்கலாம். உலகில் குடிக்கப்படும் நுரை ஒயினில் அளவில் பார்த்தால் ஷாம்பெயின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பணத்தில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. இத்தாலியின் புரோசெக்கோ அதைவிட மலிவு, அதைவிட மிக அதிகமாக விற்கிறது, ஆனாலும் ஷாம்பெயின் அதோடு விலைப் போட்டிக்குப் போகவில்லை. விற்பனை எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என்றும் நம்பக் கூடாது. 2022இல் 32 கோடிக்கு மேல் புட்டிகள் போயின, 2024இல் 27 கோடியாகக் குறைந்துவிட்டது. குறையும் ஆண்டில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது: விலையை இறக்கவில்லை, பறிக்கும் அளவைக் குறைத்தார்கள். இரண்டாயிரம் ரூபாய் விசைத்தறிச் சேலையோடு விலையில் போட்டியிட்டுக் கைத்தறி ஒருநாளும் வெல்லாது. இரண்டும் வேறு பொருள் என்று வாங்குபவருக்குத் தெரிந்தால் மட்டுமே கைத்தறிக்கு விலை நிற்கும்.

இங்கே ஷாம்பெயினைக் குறையில்லாத ஊர் என்று காட்டிவிடக் கூடாது. 2023 செப்டம்பர் அறுவடையில் கடும் வெயிலில் பழம் பறித்த கூலியாட்கள் சிலர் இறந்துபோனார்கள். அதே அறுவடையில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர்களை இழிவான இடத்தில் அடைத்து வைத்து வேலை வாங்கியதற்காக ஆள்கடத்தல் வழக்கு நடந்து, 2025இல் தண்டனையும் வந்தது. சாறு எத்தனை லிட்டர் என்று எழுதிய ஊர், பறிப்பவர் எங்கே தூங்குகிறார் என்று எழுதவில்லை. காஞ்சிபுரத்துக்கும் அந்தத் தழும்பு உண்டு. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் தரக் குறியீட்டு விதியில் கூலி பற்றியோ தறியில் யார் உட்காரலாம் என்பது பற்றியோ ஒரு வரியும் இல்லை என்றால், பெயர் காப்பாற்றப்பட்டும் நெய்பவர் காப்பாற்றப்படாமல் போகலாம். 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் 66 விழுக்காட்டுக்கு மேல் மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவான வருமானம் என்று பதிவாகியிருக்கிறது. தென்னேரியிலிருந்து சுங்குவார்சத்திரம், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வாயால் சொல்லாமலே தெரியும். அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஷாம்பெயினில் தோட்டக்காரர் பிள்ளைகள் தோட்டத்தில் தங்குவது பக்தியால் அல்ல, பழத்தின் விலையால்.

"நாங்கள் எப்படிப் பேசுவது? முதலாளி பாவு கொடுக்க மாட்டார்" என்ற தயக்கம் இருக்கும். தனித் தறிக்காரர் பேச முடியாது என்பது உண்மை. ஆனால் ஷாம்பெயினிலும் தனித் தோட்டக்காரர் பேசவில்லை; சங்கம் பேசியது, கூட்டுறவு நிலவறைகள் துணை நின்றன. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் என்று பெயர் தாங்கிய பட்டுச் சங்கங்கள் காஞ்சிபுரத்தில் நடக்கின்றன. அவை நெசவாளருக்குச் சொந்தம், குறைந்தபட்சம் துணைவிதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சங்கங்கள் இன்று ரிபேட், பாக்கி, தேங்கிய சரக்கு என்று அரசின் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கின்றன. பெயரின் உரிமையில் பங்கு கேட்பதற்குத் துறையின் அனுமதி வேண்டியதில்லை, பொதுப்பேரவையின் தீர்மானம் போதும்.

அந்தத் தீர்மானத்தில் இரண்டு கோரிக்கைகள் இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, காஞ்சிபுரம் பட்டுக் குறியீட்டை நடத்த ஒரு குழு. அதில் சரிபாதி இடம் நெசவாளர்களுக்கு, மறுபாதி கடைக்காரர், முதலாளிகளுக்கு. துறை அதிகாரி அமரலாம், ஆனால் வாக்கில்லாமல். சோதனை, வழக்கு, கோர்வைத் தரம், குறைந்தபட்ச நெசவுக் கூலி எல்லாம் அந்தக் குழுவின் முன் வர வேண்டும். இரண்டாவது கோரிக்கை செலவில்லாதது. ஷாம்பெயின் புட்டியின் ஒட்டுச்சீட்டில் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவில் இரண்டு எழுத்து அச்சாகியிருக்கும். ஆர்.எம். என்றால் தன் தோட்டத்துப் பழத்தைத் தானே ஒயினாக்கிய தோட்டக்காரர். என்.எம். என்றால் பழத்தை வாங்கிச் செய்த வியாபார வீடு. சி.எம். என்றால் கூட்டுறவு. வாங்குபவர் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் பொருளைச் செய்தவர் யார் என்று புட்டி சொல்லிவிடுகிறது. சேலையின் முந்தானை ஓரத்திலும் இதுபோல எழுதலாம்: சொந்தத் தறியில் தானே விற்பது, சங்கத்துத் தறியில் நெய்தது, முதலாளிக்குக் கூலிக்கு நெய்தது, அதோடு கோர்வை உண்டா, ஜரிகை எந்தத் தரம், எந்த ஊர். நெய்தவரின் பெயரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. சேர்க்க விரும்பாதவர் எண்ணோடு விட்டுவிடலாம். சில்க் மார்க்கும் ஹேண்ட்லூம் மார்க்கும் ஏற்கெனவே இருக்கின்றன. பட்டா என்று ஒன்று சொல்கிறது, கைத்தறியா என்று மற்றொன்று சொல்கிறது. யார் நெய்தார் என்று இரண்டுமே சொல்வதில்லை.

இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2022 ஜூனில் வணிக ஒப்பந்தத்தோடு சேர்த்துப் புவிசார் குறியீடுகளுக்கும் தனி ஒப்பந்தம் பேசத் தொடங்கின. அந்தப் பேச்சில் ஷாம்பெயினின் நலனை எடுத்துரைக்க எபெர்னேயிலிருந்து தோட்டக்காரரும் வியாபாரியும் சேர்ந்து எழுதிய குறிப்பு போகும். காஞ்சிபுரத்தின் நலனை எடுத்துரைக்கத் தென்னேரியிலிருந்தோ ஐயம்பேட்டையிலிருந்தோ ஒரு குறிப்பும் போகவில்லை என்றால், அந்த இடத்தில் கடைக்காரர் சொன்னதையும் துறை எழுதியதையும்தான் வைப்பார்கள். அடுத்த பொதுப்பேரவை கூடும்போது, டிவிடெண்ட் விவாதத்துக்கு முன் இந்தத் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிச் செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.